பத்துக்குப் பத்து வாங்கிய மனு

நான் இப்போது வேலை பார்ப்பது ஓர் இ-சேவை மையத்தில். காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர்களுடைய பெயரையும் வயதையும் முகவரியையும் கணினியில் ஏற்றுவதுதான் வேலை. கேள்விகள் எல்லாம் திரையில் தயாராக இருக்கும். எதிரே நிற்பவர் ஆமாம், இல்லை என்று சொன்னால் போதும். ஆனால் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. ஆதரிக்க யாராவது இருக்கிறார்களா என்று கேட்டால், பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஆரம்பிப்பார்கள். பின்னால் வரிசை முணுமுணுக்கும். மூன்று மணிக்கு மேல் எனக்குக் கண் எரிய ஆரம்பித்துவிடும். கேட்டுக் கேட்டுக் காதும் ஓய்ந்துபோகும். அந்த நேரத்தில்தான் அநேகமாக அத்தையின் நினைப்பு வரும். எட்டாம் வகுப்பு படிக்கும்போது நான் அவளுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன்.

அத்தை என்றால் அப்பாவுக்கு மூத்தவள். சிம்மக்கல்லில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில், குழாய்க்குப் பக்கத்தில் இருந்த கடைசி அறை அவளுடையது. மாமா இறந்து நான்கைந்து வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகன், எனக்கு மச்சான் முறை. கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டான். முதலில் வாரம் ஒரு போன் வந்தது, அப்புறம் மாதம் ஒன்று, அப்புறம் பொங்கலுக்கு மட்டும். ஒரு தீபாவளிக்குப் பச்சை நிறத்தில் ஒரு சேலை அனுப்பினான். அத்தை அந்த ஒரு சேலையை வைத்துக்கொண்டு, வருஷா வருஷம் சேலை அனுப்புகிறான் என்றே எல்லாரிடமும் சொல்லிவந்தாள். காம்பவுண்டில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். யாரும் மறுத்துப் பேசியதில்லை.

அவளுக்கு வற்றல் மண்டியில் வேலை. மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ள வேண்டும். குவியலுக்கு நடுவே பத்துப் பெண்கள் உட்கார்ந்து நாள் முழுக்கக் கிள்ளுவார்கள். வேலை முடிந்து வந்து அவள் என்னைத் தொட்டால் எனக்குத் தும்மல் வரும். அவள் என்னைத் தூக்கிக் கொஞ்சாததற்கு அதுதான் காரணம் என்று அம்மா பிற்பாடு சொன்னாள். அந்த வருடம் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சாதாரண இருமல் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று இருமுவாள். பெரியாஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, மிளகாய் நெடியை விட்டால்தான் இருமல் விடும் என்று சொல்லி அனுப்பினார்.

நெடியை விட்டால் வாடகைக்கு என்ன செய்வது? அப்பா ஒரு வழி வைத்திருந்தார். கணவனை இழந்து ஆதரவில்லாமல் இருக்கும் பெண்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் உதவித்தொகை. அது வந்துவிட்டால், வீட்டிலிருந்தே பூண்டு உரித்துக் கொடுத்து மிச்சத்தைச் சமாளிக்கலாம். இரண்டு முறை அவளைத் தாலுகா அலுவலக வாசலில் இருக்கும் மனு எழுதுகிறவரிடம் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு முறையும் அவள் பாதியில் எழுந்து வந்துவிட்டாள். எழுதியதை அவர் வாசித்துக் காட்டும்போது, 'எனக்கு ஆதரவு என்று யாரும் இல்லை' என்ற வரி வந்ததும் முந்தானையை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டாளாம்.

"எம்மகன் உசுரோட இருக்கையில, யாருமில்லைன்னு எழுதச் சொல்றியாடா? அவனுக்கு ஏதாச்சும் ஆயிட்டா நீயா பதில் சொல்லுவ?" என்று வாசலில் நின்று அப்பாவைக் கேட்டாள்.

"அது சும்மா எழுதுறதுதான், அக்கா. எல்லாரும் அப்படித்தான் எழுதுறாக."

"எல்லாரும் எழுதட்டும். நான் எழுத மாட்டேன்."

அப்பா அதோடு பேச்சை விட்டுவிட்டார். அவருக்கும் லோடு ஆட்டோ ஓட்டி முடித்து வருவதற்குள் பேசத் தெம்பு இருக்காது.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில், பாடங்களை இனிமேல் செயல்பாடாக நடத்த வேண்டும், மாணவர்கள் நாலு பேருக்கு உதவியாக இருக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஓர் ஏற்பாடு வந்தது. அறிவியல் டீச்சர் மரக்கன்று நடவைத்தார். கணக்கு சார் கடைவீதிக்குக் கூட்டிப்போய் எடை போடவைத்தார். தமிழ் டீச்சருக்குக் கடிதப் பகுதி வாய்த்தது. வழக்கமாகத் தெருவிளக்கு வேண்டி ஆணையருக்கு எழுதும் கடிதத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த வருடம் அப்படிச் செய்யாமல், எழுதத் தெரியாத ஒருவருக்கு ஆளுக்கொரு உண்மையான மனு எழுதி வரவேண்டும், நல்ல நாள் பார்த்து எல்லாரும் சேர்ந்து போய்க் கொடுக்கலாம் என்றார்.

"வாசிச்சா அந்த ஆளு பேசுற மாதிரி இருக்கணும். வெளியில எழுதி விக்கிற மனுவைப் பாத்து எழுதிட்டு வந்தா, பத்துக்கு அஞ்சுதான்" என்றும் சொன்னார். நல்ல டீச்சர். இரண்டு பிரிவுக்கும் சேர்த்து நூறு நோட்டுத் திருத்துகிறவர். அதைச் சொல்லும்போதே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு அன்றைக்கு வகுப்பிலேயே பளிச்சென்று பிடிபட்டுவிட்டது. அப்பாவால் முடியாததை நான் முடித்துக் காட்டப் போகிறேன். அத்தைக்குப் பிடிக்காத அந்த ஒரு வரி இல்லாமல் ஒரு மனு எழுதினால் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பேனாவுமாக அவள் அறைக்குப் போனேன். அவள் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். மாமா இறந்தது, மண்டி வேலை, இருமல், டாக்டர் சொன்னது என்று ஒவ்வொன்றாக எழுதினேன். பிறகு, "மச்சானைப் பத்தி என்னத்த எழுதட்டும்?" என்றேன்.

அவள் குழாயடிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"எழுது தாயி. ஒரே மகன். கோயம்புத்தூருல இருக்கான். அம்புட்டுப் பாசம். நல்லாப் பாத்துக்கிறான்."

அது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். பதின்மூன்று வயதில் அந்த அளவுக்கு விவரம் இருந்தது. ஆனாலும் எழுதினேன். டீச்சர் சொன்னது போல அது அப்படியே அத்தை பேசுகிற மாதிரியே இருந்தது. 'எனக்கு ஒரே மகன். கோயம்புத்தூரில் இருந்தாலும் என் மேல் உயிரையே வைத்திருக்கிறான். என்னை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறான்.' உயிரும் குறையும் நான் சேர்த்தவை. முழுவதையும் வாசித்துக் காட்டினேன். மகன் வரும் இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். மறுபடியும் கேட்டாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நான் வெள்ளைத்தாளில் பார்த்தெழுதிக் கொடுத்ததில் தனக்குத் தெரிந்த நான்கு எழுத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அப்பாவிடம் காட்டவில்லை. வேலை முடிந்தபின் சொல்லி அசத்த வேண்டும் என்று வைத்திருந்தேன்.

டீச்சர் அதற்குப் பத்துக்குப் பத்துப் போட்டார். நான் 'அனுப்புனர்' என்று எழுதியிருந்ததை மட்டும் சிவப்பு மையால் 'அனுப்புநர்' என்று திருத்தினார். வேறு எதுவும் சொல்லவில்லை. அன்று அவர் கையில் அப்படி ஐம்பது மனுக்கள் இருந்தன. கோரிப்பாளையத்திலிருந்து வரும் என் சிநேகிதி ஜரினா, பக்கத்து வீட்டில் இட்லி விற்கும் ஓர் அம்மாவுக்காக எழுதியிருந்தாள். அவளுடைய வாப்பாவுக்குத் தெரிந்தவர் மனு எழுதுகிறவர்; அவரிடம் ஒரு பழைய நகல் வாங்கி, பெயரை மட்டும் மாற்றியிருந்தாள். 'எனக்கு ஆதரவு என்று யாரும் இல்லை' என்று அதில் அப்படியே இருந்தது. அவளுக்கு அஞ்சு. என் மனுவை நகல் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஜரினா அதை முழுவதும் வாசித்துவிட்டு, "நல்லாருக்குடி" என்றாள். நான் அவளுக்காக உள்ளூரப் பரிதாபப்பட்டேன்.

டவுன் பஸ்ஸில் தாலுகா அலுவலகத்துக்குப் போய் மனுக்களைக் கொடுத்தோம். ஓர் அதிகாரி எங்களைப் பாராட்டி இரண்டு நிமிடம் பேசினார். போட்டோ எடுத்தார்கள். அதில் நான் முன் வரிசையில் நிற்கிறேன்.

சில வாரங்கள் கழித்து ஒருவர் விசாரிக்க வந்தார். நான் பள்ளிக்கூடம் போயிருந்தேன். அம்மாதான் பார்த்தாள். அத்தை அவருக்கு நாற்காலி போட்டு, டீ வாங்கிவரச் சொல்லி, மகன் பார்த்துக்கொள்கிறானா என்று அவர் கேட்டதற்கு, "ஆமா சார், தங்கமாப் பாத்துக்கிறான்" என்று பச்சைச் சேலையைக்கூட எடுத்துக் காட்டினாளாம். அவர் எழுந்து போகுமுன், "அப்படியே எழுதிக்கிரட்டுமாம்மா?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கேட்டிருக்கிறார். இரண்டு தடவையும் அத்தை எழுதிக்கொள்ளச் சொன்னாளாம்.

பதில் தபாலில் வந்தது. அத்தை அதைப் பிரிக்காமலே என்னிடம் கொண்டுவந்தாள். மண்டியிலிருந்து நேரே வந்திருந்தாள். நான் தும்மிக்கொண்டே பிரித்தேன். 'மனுதாரரை அவரது மகன் பராமரித்து வருவதாக மனுதாரரே தெரிவித்துள்ளதால், கோரிக்கையை ஏற்க இயலவில்லை.' நான் ஒரு முறை மனதுக்குள் படித்தேன். இன்னொரு முறை படித்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தாயி போட்டிருக்கு?"

"மச்சான் ஒங்களப் பாத்துக்கிறாராம் அத்தை. அதனால பணம் கிடையாதாம்."

"ஆரு சொன்னா?"

"கவர்மெண்டு."

அவள் காகிதத்தை வாங்கி, தலைகீழாக இல்லை என்று உறுதிசெய்துகொள்வது போலத் திருப்பிப் பார்த்தாள். "சீலு வச்சிருக்காகளா?" என்றாள். அடியில் ஊதா நிறத்தில் இருந்த முத்திரையைத் தொட்டுக் காட்டினேன். அவள் அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு வந்த இருமலை அடக்க வெளியே போய்விட்டாள்.

அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நோட்டை வாங்கி, நான் எழுதியதைப் படித்துவிட்டு அப்படியே தரையில் படுத்துவிட்டார். அம்மாதான் பேசினாள்.

"எழுதுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாடி?"

"டீச்சர் பத்துக்குப் பத்துப் போட்டாங்கம்மா" என்றேன்.

மறுநாள் அப்பா அத்தையிடம் போனார். நானும் பின்னால் போய்க் கதவோரம் நின்றேன். இன்னொரு மனு போடலாம் என்றும், இந்தத் தடவை தானே கூட வருவதாகவும் சொன்னார். மனுவில் ஒரே ஒரு வரியைத்தான் மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். அத்தை தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"போன தடவ பாத்துக்கிறான்னு எழுதிட்டு, இந்தத் தடவ இல்லைன்னு எழுதுனா, எம்மகன் என்னைய விட்டுட்டான்னுல்ல ஆகும்?"

அவள் அப்பாவுக்கும் ஒரு தட்டில் சோறு போட்டு ஒரு கரண்டி குழம்பை ஊற்றினாள். "சாப்பிடு தம்பி. விடு" என்றாள்.

அந்தக் காகிதத்தை அவள் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்துவைத்தாள். மண்டிப் பெண்கள் யாராவது மகனைப் பற்றிக் கேட்டால் எடுத்துக் காட்டுவாள் என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் வீட்டுக்காரம்மாவிடம் அவள் அதைக் காட்டியதை நானே பார்த்தேன். அதைப் பார்த்ததும் எனக்கிருந்த பயம் போய்விட்டது. அத்தை சந்தோஷமாகத்தான் இருக்கிறாள், அப்பாவும் அம்மாவும்தான் வீணாக வருத்தப்படுகிறார்கள் என்று முடிவுசெய்தேன். ஜரினாவின் இட்லிக்கார அம்மாவுக்கு உதவித்தொகை வந்து, அவர் வகுப்புக்கே கேசரி செய்து அனுப்பினார். நானும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அத்தை மண்டி வேலையை விடவில்லை. மண்டியை விட்டால் செய்யலாம் என்று பேசிவைத்திருந்த பூண்டு வேலையையும் எடுத்துக்கொண்டாள். அந்த மாதம் வாடகை கூடியிருந்தது. மாலையில் மண்டியிலிருந்து வந்து, முகம் கழுவி, ஒரு சாக்குப் பூண்டைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். விளக்குப் போடும் நேரத்தில் என்னைக் கூப்பிடுவாள்.

"எதையாச்சும் சத்தமா வாசி தாயி. எதுன்னாலும் சரி."

நான் துணைப்பாடக் கதைகளை வாசித்தேன். அவை தீர்ந்ததும் வரலாற்றுப் பாடத்தை வாசித்தேன். அதுவும் தீர்ந்தபின் பூண்டு சுற்றி வந்த பழைய செய்தித்தாளை வாசித்தேன். நான் நிறுத்தினால் அவள் உடனே, "நிறுத்தாத தாயி, வாசி" என்பாள். என் வாசிப்புக்கு இப்படி ஓர் ஆள் கிடைத்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. ராஜா பேசினால் ராஜா குரலிலும் மந்திரி பேசினால் மூக்காலும் பேசிக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் உதவி செய்த செயல்பாடுகளைக் குறித்துவைக்கும் நோட்டில், 'தினமும் என் அத்தைக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். அவர் மிகவும் ரசித்துக் கேட்கிறார்' என்று எழுதினேன். டீச்சர் அதற்கும் ஒரு டிக் போட்டார்.

ஒருநாள் வாசித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். அவள் கையில் கத்தி இருந்தது. பாதி உரித்த பூண்டு விரல்களுக்கு நடுவே இருந்தது. கண்கள் மூடியிருக்க, தலை மெல்ல மெல்ல மேலும் கீழும் ஆடியது. கதை அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறாள் என்று நினைத்து, நான் இன்னும் சத்தமாக வாசித்தேன்.