வதனி அக்காவும் தங்கத்தைக் கண்டு கத்தாத கூட்டமும்

ரவி அண்ணை குரல் பதிவு அனுப்புகிறவர் அல்லர். வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் குரல் கொடுக்கும் எங்கள் ஒலிப்பதிவு அறையின் பொறியாளர் அவர்; கைபேசியில் பதிவான குரலைக் கேட்டாலே அவருக்குப் பல் கூசும். எதையும் எழுதித்தான் அனுப்புவார். சென்ற மாதம் ஒரு காலை, லண்டன் இல்ஃபோர்ட்டிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் நெரிசலுக்குள் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. ரயிலுக்குள் அதைத் திறக்கவில்லை. ஸ்ராட்ஃபோர்ட்டில் இறங்கி, ஒரு ஓரமாக நின்று கேட்டேன்.

"பிள்ளையள், வதனி அக்கா விடியக்காலமை மோசம் போயிட்டா. நெஞ்சு நோகுது எண்டு சொன்னாவாம். எழுத ஏலேல்லை, அதுதான் கதைக்கிறன்."

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று, எங்கள் அறையை நடத்திவந்த வதனி அக்காவின் கணவர் கேட்டார். "நீர் சபையில வாய் திறக்கமாட்டீர், ஆனா எழுதுவீர் எண்டு அவ சொல்லுறவ" என்றார். அது உண்மை. இந்த மலரில் அக்கா பிறந்த ஊரைப் பற்றியும் படித்த பள்ளியைப் பற்றியும் அறிந்தவர்கள் எழுதியிருப்பார்கள். நான் எழுதப்போவது குதிரைகளும் தொப்பிகளும் துப்பாக்கிகளும் தங்கமும் நிறைந்த ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரின் முதல் பாகத்தைப் பற்றி. வதனி அக்கா எப்படிப்பட்டவர் என்று சொல்ல அதைவிடப் பொருத்தமான ஒன்று என்னிடம் இல்லை.

நான் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அப்பா பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை, அம்மா சாண்ட்விச் தொழிற்சாலையில். பட்டம் கிடைத்த பிறகு போன நேர்முகங்களில் எல்லாம் நான் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவேன். எதிரே இருப்பவர்கள் மீதிக்காகக் காத்திருப்பார்கள். மீதி வராது. மொழிபெயர்க்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, தென் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்த அந்த அறைக்குப் போன அன்று, வதனி அக்கா என்னிடம் கேள்வியே கேட்கவில்லை. உட்காரும்படி ஒரு கதிரையைக் காட்டினார். திரையில் ஒரு காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டார்.

"என்ன கதைக்கினம்?"

"தெரியாது அக்கா. ஆனா அந்த மனுசி பொய் சொல்லுறா."

"எப்பிடித் தெரியும்?"

"கதைச்சு முடிச்ச பிறகும் தலையாட்டிக்கொண்டு நிக்கிறா."

அவர் ரவி அண்ணையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "கனக்கக் கதைக்கிற ஆக்கள் மற்றவையின்ர வாயைப் பாக்கமாட்டினம். அவையால இந்த வேலை செய்ய ஏலாது. நீர் திங்கக்கிழமை வாரும்."

எங்கள் அறை அவருடைய மைத்துனரின் பயண முகவர் கடைக்குப் பின்னால் இருந்தது. சுவரெல்லாம் பழைய கம்பளமும் போர்வையும். ட்ராம் போகும்போது ஒலிப்பதிவை நிறுத்தி, எல்லோரும் சிலைபோல நிற்போம். "தங்கம் தேடுற ஊருக்கு ட்ராம் வரேல்லை, பொறுங்கோ" என்பார். வெறும் வயிற்றோடு யாரும் ஒலிவாங்கியின் முன்னால் நிற்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். வயிறு இரைந்தால் அதுவும் பதிவாகிவிடும். பக்கத்து டூட்டிங்கிலிருந்து மீன் பொதிந்த பணிஸ் ரொட்டி வாங்கி வந்து, "சாப்பிடும் ஷெரீப், சாப்பிடும்" என்று, ஊர்க் காவல் அதிகாரிக்குக் குரல் கொடுக்க வந்தவரின் கையில் திணிப்பார். சாப்பிட்ட ஷெரீப் பிறகு ஏப்பம் விட்டால் அதற்கும் ஏச்சு விழும்.

இந்த அறைக்காக அவர் உள்ளூராட்சிக் கவுன்சிலில் வீடமைப்புப் பிரிவில் பார்த்த நிரந்தர வேலையை விட்டிருந்தார். அந்த முதல் பாகம் வந்தபோது எங்கள் கையில் வேறு வேலை இருக்கவில்லை. ஐரோப்பாவில் உள்ள தமிழ் வீடுகளுக்காக, குறிப்பாகப் பகல் முழுவதும் வீட்டில் இருக்கும் வயதானவர்களுக்காக, ஒரு நிறுவனம் அந்தக் கறுப்பு வெள்ளைத் தொடரை வாங்கியிருந்தது. ஆற்று மணலில் தங்கம் தேடிப் போனவர்களின் கதை. அதன் முதல் பாகமே அந்தக் காலத்தில் சோதனைக்காக எடுக்கப்பட்டதாம். அது பிடித்திருந்தால்தான் மீதியை எடுக்க அனுமதி. எங்களுக்கும் அதே நிலைதான். நாங்கள் தமிழாக்கிய முதல் பாகம் பிடித்தால் தொடர் முழுவதும் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் வேலை எல்லாம் சென்னையில் உள்ள ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போகும், எங்கள் அறை மூடப்படும். வதனி அக்கா இதை எங்களிடம் மறைக்கவில்லை. பணிஸைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்.

அந்தப் பாகத்தில் இன்னொரு சிக்கல். சோதனைப் பாகம் என்பதாலோ என்னவோ, அதற்கு மட்டும் பின்னணிச் சத்தம் தனியாகக் கிடைக்கவில்லை. ஆங்கில வசனத்தை அழித்தால் ஆறு, குதிரை, கூட்டம் எல்லாம் சேர்ந்து அழிந்தன. ஆற்றை ரவி அண்ணை ஒரு குழந்தைக் குளியல் தொட்டியில் உண்டாக்கினார். குதிரைகளைத் தேங்காய்ச் சிரட்டையால் ஓடவைத்தார். கூட்டத்துக்கு மட்டும் ஆள் வேண்டியிருந்தது.

கதையில் முக்கியமான இடம் அதுதான். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் ஒருவன் தட்டில் மணலை அலசுகிறான். ஏதோ மின்னுகிறது. அதை உயர்த்திப் பிடிக்கிறான். கரை முழுவதும் ஓடி வந்து ஆரவாரம் செய்கிறது. வதனி அக்கா டூட்டிங்கில் முதியோர் மதியச் சாப்பாட்டுக்குக் கூடும் இடத்துக்குப் போய், சாப்பிட்டு முடித்தவர்களை அப்படியே ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவர்களுள் ஒருவர் பரமேஸ்வரி அன்ரி. நல்ல உரத்த குரல்.

"ஆத்தில தங்கம் கண்டுட்டினம். அவன் தூக்கிக் காட்டுவான். நீங்கள் எல்லாரும் சந்தோசத்தில கத்தவேணும். விளங்குதோ?"

"ஓம், ஓம்."

சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் அவன் தங்கத்தை உயர்த்தினான். ஒருவரும் கத்தவில்லை.  அந்த அமைதிக்குள் பரமேஸ்வரி அன்ரி, அவனுக்கே சொல்வதுபோல, மெல்லச் சொன்னார்: "மூடு, மூடு. ஆரும் பாக்கப்போகினம். சட்டைக்குள்ள வை தம்பி."

ரவி அண்ணை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சிரிப்பில் அவர் முதுகு குலுங்கியது. எல்லோரும் சிரித்தார்கள், அன்ரியைத் தவிர. "என்ன சிரிப்பு? நான் ஆமி செக் பொயின்ற்றால வரேக்க தாலிக்கொடியைப் பாவாடை விளிம்புக்குள்ள வைச்சுத் தைச்சுக்கொண்டு வந்தனான். இவன் என்னெண்டா எல்லாருக்கும் தூக்கிக் காட்டுறான், விசரன்!"

பக்கத்தில் இருந்தவர் தன்னுடைய காப்புகளைக் குழந்தைப் பால்மா டின்னுக்குள் வைத்துக் கொண்டுவந்ததைச் சொன்னார். இன்னொருவர் சொல்லத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார். வதனி அக்கா அவர்களைப் பேசவிட்டார். பிறகு இரண்டாம் முறை பதிவு செய்தோம். கேட்டுக்கொண்டபடி நன்றாகவே கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் பிழை ஒன்றும் இல்லை, உயிரும் இல்லை.

எல்லோரும் போன பிறகு வதனி அக்கா இரண்டு பதிவுகளையும் மாறி மாறிப் போட்டுக் கேட்டார். கடைசியில், கத்தலைக் கீழே தணித்து, அன்ரியின் குரலை மேலே வைக்கச் சொன்னார். யாருடைய வாயில் வைப்பது? கரையில் நிற்கும் தாடிக்காரக் கிழவர் ஒருவரின் முகம் பெரிதாக வரும் இடம் உண்டு. ரவி அண்ணை அன்ரியின் குரலை ஆண்குரல்போலத் தடிப்பாக்கி அவருக்குக் கொடுத்தார். "தாடி இருக்கிற ஆளுக்கு எந்த வசனமும் பொருந்தும்" என்றார் வதனி அக்கா.

நிறுவனத்தின் சார்பில் கேட்க வந்தவர் கார்த்திக், சென்னைக்காரர். நல்ல மனிதர், வேலையில் கறார். அந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"மேடம், இது கொண்டாட்டக் காட்சி. தங்கம் கிடைச்சா எல்லாரும் குதிக்கணும். இவர் ஏன் திருடன் மாதிரி கிசுகிசுக்கிறாரு? இது ஸ்கிரிப்ட்ல இருக்கா?"

வதனி அக்கா என்னைப் பார்த்தார். "அபி, நீர்தானே எழுதினீர். சொல்லும்."

அதுவரை எந்தக் கூட்டத்திலும் நான் பேசியதில்லை. அவர் எனக்காகப் பேச முன்வரவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"ஸ்கிரிப்ட்ல இல்லை. ஆனா படத்தில இருக்கு" என்றேன். சத்தத்தை அணைத்துவிட்டு அந்த முகத்தை மட்டும் மெதுவாக ஓடவிடும்படி ரவி அண்ணையிடம் கேட்டேன். மற்ற எல்லோரும் தங்கத்தைப் பார்க்கிறார்கள். கிழவர் முதலில் தன் தோளுக்குப் பின்னால் பார்க்கிறார். மறுபக்கம் பார்க்கிறார். தொப்பியை இறக்கிவிட்டுக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் தங்கத்தைப் பார்க்கிறார்.

"இவர் கொண்டாடேல்லை. பயப்பிடுறார்."

கார்த்திக் இன்னொரு முறை போடச் சொன்னார். "சரிங்க, எனக்குப் புரியுது. ஆனா பார்க்கிறவங்களுக்குப் புரியணுமே?"

"விளங்காட்டி இந்த அறையைப் பூட்டிப்போட்டு நான் திரும்பக் கவுன்சிலுக்குப் போறன், தம்பி" என்றார் வதனி அக்கா.

கார்த்திக் போன பிறகு ரவி அண்ணைக்குக் கோபம். "ஒரு கத்தலை மாத்தினா என்ன, அக்கா? உள்ள வேலையை விட்டிட்டு வந்தனீங்கள்."

"நான் வேலையை விட்டது ஆரோ சொன்னபடி கத்துறதுக்கோ?"

 ட்ராம் ஒன்று போனது. பதிவு எதுவும் நடக்காத நேரத்திலும் நாங்கள் பழக்கத்தில் அசையாமல் நின்றோம்.

இல்ஃபோர்ட்டில் ஒரு மண்டபத்தில் திரையிட்டார்கள். முதியவர்கள், குடும்பங்கள், நிறுவனத்தார். என் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். பட்டம் படித்துவிட்டுப் போர்வை தொங்கும் அறையில் நான் என்னதான் செய்கிறேன் என்று பார்க்க வந்தார்கள் என்று நினைக்கிறேன். ஆறு ஓடியது, சிரட்டைக் குதிரைகள் ஓடின. அவன் தங்கத்தை உயர்த்தினான். கிழவர் திரும்பிப் பார்த்தார். "மூடு, மூடு. ஆரும் பாக்கப்போகினம்."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு முன்வரிசை. பிறகு மண்டபம் முழுவதும். சிரிப்பு அடங்கும் என்று பார்த்தால் பேச்சாக மாறிவிட்டது. ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம் சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, திரையில் ஷெரீப் வந்ததையும் ஒருவனைப் பிடித்ததையும் யாரும் கவனிக்கவில்லை. என் அப்பா, அம்மாவின் கழுத்துச் சங்கிலியைக் காட்டி ஏதோ சொன்னார். அந்தச் சங்கிலி எப்படி லண்டன் வந்து சேர்ந்தது என்று நான் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

கார்த்திக் தாழ்வாரத்தில் எங்களிடம் வந்தார். "மேடம், அதுக்கப்புறம் பத்து நிமிஷம் யாருமே படம் பார்க்கல."

"முதல் பாகத்தில சனம் கதைக்கத் தொடங்கினா, இரண்டாம் பாகத்துக்குக் கட்டாயம் வரும்" என்றார் வதனி அக்கா.

கார்த்திக் சிரித்துவிட்டார். "ஆமா, உள்ள எல்லாரும் அதைத்தான் கேக்கிறாங்க, அடுத்தது எப்பன்னு. சென்னைக்கு அனுப்பல. நீங்களே பண்ணுங்க. அடுத்த எபிசோடுல அந்தத் தாத்தா இருக்காருல்ல?"

நான் முழுத் தொடரையும் பார்த்திருந்தேன். தாத்தா அடுத்த பாகத்தில் இல்லை. எந்தப் பாகத்திலும் இல்லை. சோதனைப் பாகத்தில் வருகிற சிலர் அப்படித்தான், காரணம் சொல்லாமல் மறைந்துவிடுகிறார்கள். இதை நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும் வதனி அக்கா சற்றும் அசரவில்லை.

"அவர் எங்கயும் போகேல்லை. தங்கத்தோட ஒளிச்சிருக்கிறார்."

அதன் பிறகு எந்தப் பாகத்தில் கூட்டம் வந்தாலும் பரமேஸ்வரி அன்ரி அதில் இருந்தார். அறையும் மூடப்படவில்லை. வதனி அக்கா கவுன்சிலுக்குத் திரும்பிப் போகவில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலர் அந்தக் கூட்டத்தில் நின்று கத்தியவர்கள். அவர் யாரையும் கத்தும்படி வற்புறுத்தியதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அவருடைய இறுதிக் கிரியை முடிந்த வாரத்தில் கார்த்திக் அழைத்தார். இரங்கலைச் சொன்னார். பிறகு, தயக்கத்தோடு, "மீதி எபிசோடுகளை வேணும்னா சென்னைக்கு அனுப்பிடலாம். உங்களுக்குச் சிரமம் வேண்டாம்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். நான் வழக்கம்போல ஒரு வரியில் பதில் சொன்னேன்: "வேண்டாம், திங்கக்கிழமை றெக்கோடிங் இருக்கு." அவர் மீதிக்காகக் காத்திருந்தார். சொல்வதற்கு மீதி இருக்கவில்லை. இந்த முறை எனக்கு அது குறையாகவும் படவில்லை.

திங்கட்கிழமை எல்லோரும் வந்தார்கள். ஒலிவாங்கி இருக்கும் இடத்தைப் பிரிக்கும் கண்ணாடிக்கு இப்பால் வதனி அக்கா அமரும் இடத்தில் நான் அமர்ந்தேன். ஒரு குடும்பம் வண்டி கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போகிற காட்சி. ஆற்றங்கரையில் நிற்பவர்கள் விடைகொடுக்கிறார்கள். நன்றாகவே செய்தார்கள். காட்சி முடியுமுன், விளக்கு அணையுமுன், பரமேஸ்வரி அன்ரி கண்ணாடியைப் பார்த்து, "வதனி, சரியோ?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.  அந்த இடத்தை அழிக்க ரவி அண்ணையின் விரல் போனது.

"பொறுங்கோ அண்ணை, ஒருக்கா கேப்பம்" என்றேன்.

கேட்டோம். பிறகு, "இருக்கட்டும்" என்றேன். ரவி அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைச் சேமித்தார்.

பிழையாக ஒலிப்பதை அழிக்குமுன் இன்னொரு முறை கேட்பது: வதனி அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அது. அந்தப் பாகத்தை நீங்கள் பார்க்கும்போது, வண்டிச் சக்கரங்களின் சத்தத்துக்கு அடியில் கொஞ்சம் காது கொடுங்கள். ஆற்றங்கரையில் நிற்கும் யாரோ ஒருவர் வதனியைக் கூப்பிடுவது கேட்கும்.