சந்தனக் கலர் கால்சட்டை

சென்னை ஏற்றுமதிக்காரர் அனுப்பிய பிரிண்டில் ஒரு வெள்ளைக்காரர் ஒய்யாரமாக நின்றிருந்தார். இருநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து ஓவியம். முன்பக்கம் இடுப்போடு வெட்டி, பின்னால் வால் விட்ட கருநீலக் கோட்டு, பித்தளைப் பொத்தான்கள், மோவாய் வரை சுற்றிய வெள்ளைத் துணி, முழங்கால் உயரக் கறுப்பு பூட்ஸ். நடுவில் காலோடு ஒட்டிய சந்தனக் கலர் கால்சட்டை. இதே போல ஆறு பொம்மைகள் சாம்பிளுக்கு வேண்டும்.

கொளஞ்சிநாதன் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, இரண்டு வருஷமாக விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் அச்சுகளுக்குக் களிமண் கரைசல் ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் கைவாகைப் பார்த்த முதலாளி கலியமூர்த்தி, இந்தப் பொம்மைகளுக்குக் கலர் அடிக்கும் வேலையை அவனிடம் கொடுத்து, "சாம்பிள் பாஸாச்சுன்னா பெயிண்டிங்லயே இரு. இல்லன்னா பழையபடி கரைசல்தான்" என்று சொல்லியிருந்தார்.

பக்கத்தில் பிள்ளையாருக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த அம்சவல்லி பிரிண்டை எட்டிப் பார்த்தாள். "இந்தாளுக்குக் கழுத்துல கட்டி கிட்டி வந்துருக்குதா தம்பி?"

"ஃபேஷன்க்கா. கஞ்சி போட்டு வெறப்பா கட்டுவாங்க."

"நம்ம ஊரு வெயில்ல கட்டிப் பாக்கச் சொல்லு."

பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவன் படித்திருந்தான். பட்டும் சரிகையும் பவுடர் பூசிய பொய்முடியும் வேண்டாமென்று அந்தக் காலத்து இளைஞர்கள் தூக்கிப் போட்டார்களாம். பழைய கிரேக்கச் சிலையின் கால் போலத் தெரிய வேண்டுமென்றே இந்த வெளிர் நிறத்தில் இறுக்கிப் போட்டார்களாம். வெள்ளைக்காரக் கவர்னர்கள் வந்துபோன வருஷங்களையெல்லாம் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவன் அவன். அவர்கள் என்ன உடுத்தினார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மூன்று வருஷம் அப்படி என்னதான் படித்தோம் என்று எரிச்சலாக வந்தது.

கலர் அடித்த ஆறு பொம்மைகளும் சூளையிலிருந்து வந்தபோது சந்தனக் கலர் லேசாகச் சிவந்து, முகத்துக்கு அடித்த கலரோடு ஒன்றிப் போயிருந்தது.

"என்னாடா இது" என்றார் கலியமூர்த்தி. "மேல கோட்டப் போட்டுக்கிட்டு கீழ ஒண்ணுமில்லாம நிக்கறான்."

அம்சவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கால்சட்டைதான் மொதலாளி. அப்படித் தெரியணும்னுதான் அவங்க போட்டாங்க. பிரிண்டப் பாருங்க."

"குடும்பம் நடத்தறவன் வாங்கி டிவி மேல வெக்கிற பொம்மைடா இது. கோட்டுக்கு அடிச்ச நீலத்தையே கீழயும் அடி."

இரண்டையாவது அப்படியே விட்டுவைக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தான். கரைசல் தொட்டி ஞாபகம் வந்தது. ஆறுக்கும் நீலம் அடித்தான். ஓரம்கூடப் பிசகவில்லை. பொம்மைகள் மறுபடி சூளைக்குள் போய் வந்து, சென்னைக்குப் பார்சலாயின.

ஒன்பதாம் நாள் ஏற்றுமதிக்காரரிடமிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டுக் கலியமூர்த்தி நேராக அவனிடம் வந்தார்.

"கல்யாண பேண்டு செட்டு ஆளாட்டம் இருக்குதாம். பிரிண்டுல இருக்கறத ஏன் மாத்துனீங்கன்னு கேக்கறான். ஆர்டர் இல்லன்னுட்டான்."

"நான் சொன்னேனே மொதலாளி."

"ஒரு தடவ சொன்ன. படிச்சவன் நீ, தெரிஞ்சத புடிச்சு நின்னு சொல்ல வேணாமா? எனக்கு என்னா தெரியும்?"

அநியாயம் என்று பட்டது. ஆனால் ஒரு தடவைதான் சொன்னான் என்பதும் உண்மை. அவர்மேல் முழுசாகக் கோபப்படக்கூட முடியவில்லை.

மறுநாள் காலை, யாரும் சொல்லாமலே கரைசல் தொட்டிப் பக்கம் போய் நின்றான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகுதான் உறைத்தது. போகச் சொல்லும் வரைக்குமாவது காத்திருந்திருக்கலாம்.