மூங்கிலில் ஏறிய மூவர்ணம்

தேசியக் கொடியை முறைப்படி மடிக்க எனக்குத் தெரியும். காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடக்க வேண்டும். சக்கரம் மேலே தெரிய வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். அன்றைக்கு நான் காய்ச்சலில் படுத்திருக்கக் கூடாதா என்று இந்த வயதிலும் வயிறெரிகிறது.

திருவாரூருக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டி எங்கள் தெரு. பதினொரு குடிசைகள். எல்லோரும் ஒரே மிராசுதாரின் வயலில் நடவும் அறுப்பும் செய்தவர்கள். குடிசை நின்ற மனையும் அவருடையதுதான். எங்கள் பக்கத்தில் கொடிக்கென்று ஒரு முறை இருந்தது. கூலித் தகராறு வந்தால் சங்கத்துச் செங்கொடியை மூங்கிலில் கட்டி வரப்பில் நடுவார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஆள் ஒருவரும் அந்த வயலில் அரிவாள் வைக்க மாட்டார். நட்டவர்களே இறக்கினால் தகராறு முடிந்தது. வெளியாள் பிடுங்கிப் போட்டால் அது செல்லாது. கொடி இல்லாவிட்டாலும் தகராறு அப்படியே நிற்கும்.

அப்போது ஆட்சி மாறியிருந்தது. மிராசுதார் வீட்டு மாடியில் ராட்டை போட்ட மூவர்ணக் கட்சிக்கொடி இறங்கி, கறுப்பு சிவப்பு ஏறியது. ஆள் என்னவோ அதே ஆள்தான். புது அரசு, குடியிருப்பவருக்கே குடிசை மனை சொந்தம் என்று சட்டம் போட்டது. தாலுகா ஆபீசிலிருந்து வந்து பார்ப்பார்கள். யார் குடியிருக்கிறாரோ அவர் பெயருக்குப் பட்டா. அவர்கள் வரும் நாளில் குடிசை நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குள் எங்களைக் கிளப்பிவிட மிராசுதார் துடியாய்த் துடித்தார்.

அப்பாதான் யோசனை சொன்னார். "நம்ம கொடியக் கண்டா நம்ம ஆளு நிக்கிறான். சர்க்கார் கொடியக் கண்டா சர்க்கார் ஆளு நின்னுதானே ஆவணும்? அத மனையில நட்டுட்டா எவன் உள்ள வருவான்?"

தெருவே தலையாட்டியது. என்ன வெள்ளந்தி ஜனமடா சாமி! படித்துக்கொண்டிருந்த நானும் சேர்ந்துதான் ஆட்டினேன்.

தைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. காவித் துணிக்கு எங்கே போவது? வெயிலில் வெளுத்த பழைய செங்கொடியை மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்தேன். வெள்ளைக்கு அப்பாவின் வேட்டி. பச்சைக்கு அம்மா தீபாவளிக்கு வைத்திருந்த ரவிக்கைத் துணி. மூன்று பட்டையும் ஒரே அகலம், மொத்த நீளம் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு என்று வாத்தியார் சொன்னபடி ஜாணால் அளந்து தைத்தேன். "ராட்டை கீட்டை போட்டுடாதடி, அது பண்ணை வீட்டுக் கொடி" என்று அப்பா பத்து தடவை எச்சரித்தார். சொம்பைக் கவிழ்த்து வட்டம் போட்டு, நீல மையால் இருபத்துநான்கு ஆரங்கள் வரைந்தேன்.

பக்கத்துக் குடிசை அத்தை எட்டிப் பார்த்தது. "பாரவண்டிச் சக்கரத்துக்கே பன்னெண்டு ஆரந்தானே? இதுக்கு ஏன்டி இத்தன?"

"நாட்டுக்குப் பாரம் சாஸ்தி" என்று சிரித்தார் அப்பா. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

ஐப்பசியில், விசேஷம் ஏதுமில்லாத ஒரு நாளில், தெரு நடுவில் மூங்கில் நட்டு ஏற்றினோம். பொழுது சாய்ந்ததும் நான் சொன்னேன், "இருட்டுறதுக்குள்ள எறக்கிடணுமாம்ப்பா. வாத்தியார் சொன்னாரு."

"எறக்குனா விட்டுக் குடுத்தாப்புல ஆயிடும்டி. பட்டா கைக்கு வர்ற வரைக்கும் நிக்கட்டும்."

மூன்று நாள் மழை பிடித்துக்கொண்டது. மஞ்சள் கரைந்து வெள்ளைப் பட்டையில் ஒழுகியது, மையும் கலங்கியது. அந்தக் காலத்தில் சாதாரண ஜனம் சாதாரண நாளில் தேசியக் கொடி ஏற்றக் கூடாது என்பது எங்களில் யாருக்குத் தெரியும்? இப்போது வீட்டுக்கு வீடு ஏற்றுங்கள் என்று கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நல்லா இருங்கடா அப்பா!

நாலாம் நாள் காலையில் போலீஸ் வேன் வந்தது. மிராசுதாரின் காரியஸ்தர் ஆட்களோடு பின்னால் நின்றார்.

"யாருடா இத ஏத்துனது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னே போனார். "நாங்கதாங்கய்யா. நம்ம நாட்டுக் கொடிங்க."

"ராத்திரியும் பகலும் மழையில போட்டு அவமானப்படுத்திட்டு, நாட்டுக் கொடியா?"

ஆண்கள் அத்தனை பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் மட்டும் நின்றார்கள். ஒருவர் மூங்கிலைப் பிடுங்கப் போனார். இன்ஸ்பெக்டர் தடுத்துவிட்டு, பள்ளிக்கூடத் தாவணியில் நின்ற என்னைப் பார்த்தார்.

"இந்தா பொண்ணு, படிக்கிறவதானே? மரியாதையா எறக்கி மடிச்சுக் குடு."

கொடி மண்ணில் படக் கூடாது என்பது ஒன்றுதான் அப்போது என் மண்டையில் ஓடியது. கயிற்றை மெல்ல விட்டு, இரண்டு கையாலும் வாங்கி, காவியையும் பச்சையையும் உள்ளே மடக்கி, சக்கரம் மேலே தெரியக் கொடுத்தேன். "சபாஷ்" என்றார். ஒரு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

திரும்பினேன். அம்மா வெறும் மூங்கிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே போய்ச் சோற்றுப் பானையை வெளியே எடுத்து வைத்தாள். அடுத்து அத்தை. அப்புறம் ஒவ்வொரு குடிசையாக. காலி பண்ணு என்று அன்றைக்கு அதுவரை ஒருவரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஏற்றிய வீட்டுப் பிள்ளையே இறக்கிவிட்டது. எங்கள் முறைப்படி எல்லாம் முடிந்துபோனது. காரியஸ்தரின் ஆட்கள் கீற்றைப் பிரித்துப் போட்டபோது தடுக்க ஒரு கை எழவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தாலுகா ஆபீசிலிருந்து வந்தார்கள். காலி மனை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அப்பா ஜெயிலிலிருந்து வந்தபோது நாங்கள் வாய்க்கால் புறம்போக்கில் நாலு கீற்றைச் சாய்த்துக்கொண்டு கிடந்தோம். அவர் உட்காரக்கூட இல்லை.

"கொடிய யாரு எறக்குனா?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"போலீசுப்பா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அப்ப இன்னும் முடியல" என்றார்.

என்னுடைய அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு முப்பது வருஷம் மனு கொடுத்தார். பார்த்திருந்த தெரு ஜனமும் அவரிடம் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் டீச்சராகி மயிலாடுதுறையில் வீடு கட்டிக் கூப்பிட்டபோதும் வரவில்லை. மனைப் பக்கத்தை விட்டுப் போனால் விட்டுக் கொடுத்ததாகிவிடுமாம். புறம்போக்குக் குடிசையிலேயே படுக்கையில் விழுந்தார். கடைசி நாளில் நினைவு தடுமாற என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூங்கி நிக்கிதா?" என்று கேட்டார்.

அந்த இடம் எப்போதோ மிராசுதாரின் தென்னந்தோப்பாகியிருந்தது.

"நிக்கிதுப்பா" என்றேன்.