மூலையில்லாத கோன்

என் மேஜை மேல் ஒரு சின்னக் கூம்பு நிற்கிறது. கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். வெளுத்த மண் நிறம், பளபளப்பு எதுவும் கிடையாது, அடிப்பக்கம் மட்டும் யாரோ அழுத்திப் பிடித்த விரல் ரேகை. வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, சதுரங்கக் காயா என்று கேட்பார்கள். ஒருவர் கம்ப்யூட்டர் சாம்பிராணி என்றே நினைத்துக்கொண்டு தீப்பெட்டி கேட்டார். அவசரமாகப் பிடுங்கிப் பழைய இடத்தில் வைத்தேன். சூளை நெருப்புக்கே அசராததைத் தீக்குச்சி என்ன செய்துவிடும் என்று பிறகுதான் தோன்றியது.

அறுபதுகளின் கடைசியில், விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் அக்காவும் நானும் ஒரே மேஜையில் வேலை பார்த்தோம். கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் அக்கா. எங்கள் வேலை கோன் செய்வது. சூளைக்குள் சூடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கையை விட்டுப் பார்க்க முடியாதல்லவா, அதற்குத்தான் கோன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் இளகும்படி களிமண்ணில் சில பொடிகளைக் கலந்து, பித்தளை அச்சில் அழுத்தி, மூன்று பட்டையும் கூர் நுனியுமாக விரல் நீளத்துக்கு எடுப்போம். அப்படி மூன்றை வரிசையாக நட்டு, சூளையில் எட்டிப் பார்க்க விட்டிருக்கும் துளைக்கு நேராக வைப்பார்கள். முதலாவது தலை சாய்ந்தால் உஷாராக வேண்டும். இரண்டாவது சாய்ந்தால் சரக்கு வெந்துவிட்டது, நெருப்பை நிறுத்தலாம். மூன்றாவது சாயவே கூடாது. சாய்ந்தால் கப்பும் சாஸரும் கோணிக்கொண்டு வெளியே வரும். சூளைப் பக்கம் போனால் யாரும் வணக்கம் சொல்ல மாட்டார்கள். "சாஞ்சிடுச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

அக்காவின் கணவர் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். காய்ச்சலில் அவர் போன பிறகு, இரக்கப்பட்டு அக்காவுக்குச் சோதனைக்கூடத்தில் தினக்கூலி வேலை போட்டுக் கொடுத்தார்கள். ஒரே மகள், கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். மாமனார் பெண்ணாடத்தில் கரும்பு விவசாயி. ஆலைக்குக் கரும்பு அடித்துவிட்டு, வேட்டியில் சாறு ஒட்டியபடியே பஸ் ஏறி மருமகளைப் பார்க்க வந்துவிடுவார். தினக்கூலியை நம்பி டவுனில் எதற்குத் தனியாகக் கிடக்கிறாய், நம் வீட்டுக்கே வந்துவிடு என்பது அவருடைய பல்லவி. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அங்கே போனால் காலத்துக்கும் அவர் கையைத்தான் பார்க்க வேண்டும் என்று அக்காவுக்குத் தெரியும். அந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் இருந்தவர், எங்களுக்கெல்லாம் டிராயிங் சார், ஓய்வு பெறப்போகிற பேச்சு வந்தது. அரசு நடத்தும் தொழில்நுட்ப வரைபடத் தேர்வில் தேறினால் அந்த நாற்காலி உனக்குத்தான், நிரந்தர வேலை என்று மேனேஜர் அக்காவிடம் சொல்லிவிட்டார். தேறாவிட்டால் மகளை அழைத்துக்கொண்டு பெண்ணாடம் வந்துவிடுகிறேன் என்று அக்கா மாமனாருக்கு வாக்குக் கொடுத்தார்.

முழுநாள் வேலை, வீட்டில் குழந்தை, ஞாயிறானால் மாதா கோயில் பூசை. இதில் எங்கே படிப்பது? எங்கள் சாப்பாட்டு நேரத்தில்தான் படித்தார். மற்றவர்கள் வேப்பமர நிழலில் சம்பளத்தையும் மாமியாரையும் திட்டிக்கொண்டிருக்க, அக்கா ஈரக் களிமண்ணைப் பலகை மாதிரி தட்டி வைத்துக்கொண்டு, ஊசியால் அதில் கோடு இழுப்பார். தப்பானால் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, மறுபடி புதுப் பலகை. பட்டகத்தைக் குறுக்கே வெட்டினால் என்ன வடிவம் வரும் என்று புத்தகம் கேட்டால், எனக்குத் தலை சுற்றும். அக்கா மண்ணில் பட்டகம் பிடித்து, மண் அறுக்கிற கம்பியால் ஒரே இழுப்பாக அறுத்து, வெட்டுவாயைப் பார்த்து வரைவார். நானும் அவரோடு சேர்ந்து படிக்கத் தொடங்கினேன். இரண்டே வாரத்தில் வேப்பமரத்தடிக்குத் திரும்பிவிட்டேன், அங்கே காற்று நன்றாக வரும்.

அலுப்பே வராதா அக்கா என்று ஒருநாள் கேட்டேன். "வராம என்ன? சூளைய ஆறவுட்டுட்டா மறுபடி ஏத்தறது எவ்ளோ கஷ்டம், பாத்திருக்க இல்ல? அதான், ஒரு கோடாவது போட்டுட்டுதான் எழுந்திருப்பேன்" என்றார். வைராக்கியம் என்றால் உடம்பை வருத்திக்கொள்வது என்று நினைத்திருந்த எனக்கு, அவர் புத்தகத்தை மூடுகிற விதம்தான் இன்னும் பிடிக்கும். கண் செருகினால், "மூணாவது சாயப் போவுது" என்று சொல்லி அந்த நிமிஷமே மூடிவிடுவார். அதற்குமேல் ஒரு கோடு போட மாட்டார்.

தேர்வு கடலூரில் நடந்தது. மறுநாள் அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். பெரிய கேள்வியே கோனாம். ஆங்கிலத்தில் அப்படியேதான் அச்சடித்திருந்ததாம்: ஒரு கோன், அடியின் விட்டம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, சாய்வாக வெட்டினால் வருவதை வரை. நாள் முழுக்க அச்சில் அடிக்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? சாப்பாட்டு நேரத்தில் மண் பலகையில் திரும்ப வரைந்து காட்டினார். விட்டம் கொடுத்திருந்ததால் வட்டம் போட்டு, அதற்குள் முக்கோணம் அடக்கி, மூன்று பட்டையும் கூர் நுனியுமாக அச்சு அசலாக ஒரு கோன். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். சூளை மேஸ்திரி மட்டும், கோனைக் கொஞ்சம் சாய்வாக நட்டிருக்கலாம், நேராக நட்டால் சரியாக விழாது என்று ஒரு குறை சொன்னார். ஒருத்தர் வாயிலிருந்தும் வேறு சந்தேகம் வரவில்லை. அந்தத் தொழிற்சாலையில் கோன் என்றால் மூன்று மூலை. அவ்வளவுதான் உலகம்.

அப்போது டீ டம்ளரோடு டிராயிங் சார் உள்ளே வந்தார். பலகையைக் குனிந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. ஆனா கோன்னா கூம்பு இல்லியாம்மா? உருண்டையா இருக்கணுமே" என்றார்.

பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்த கூம்பு அக்காவுக்கு நன்றாகவே தெரியும். தமிழ்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அதை வெட்டி வெட்டிப் பழகியுமிருந்தார். ஆனால் கோன் என்ற சொல்லைப் பார்த்ததும், அத்தனை வருஷம் அச்சில் அழுத்திய கை தானாகவே மூன்று மூலை போட்டுவிட்டது. அக்கா ஈரத்துணியை எடுத்துப் பலகையை ஒரே துடைப்பாகத் துடைத்தார். எனக்குத்தான் அழுகை வந்தது, டிராயிங் சார் மேல் கோபமும் வந்தது, அவர் என்ன பாவம் செய்தார்?

முடிவு வந்தபோது பயந்தபடியே ஆயிற்று. மாமனார் கோணிப்பையோடு வந்துவிட்டார், பாத்திரம் கட்ட. நானும் அன்று அக்கா வீட்டில்தான் இருந்தேன். வாக்குக் கொடுத்தவர் மறுத்துப் பேசவில்லை. நடந்ததை மட்டும் சொன்னார். மாமனாருக்குக் கூம்பும் புரியவில்லை, கோனும் புரியவில்லை. அக்கா தட்டில் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒன்றை உருண்டைக் கூம்பாகவும் ஒன்றை மூன்று பட்டையாகவும் பிடித்து அவர் முன்னால் வைத்தார்.

பெரியவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "தெனம் நீ செய்யறது எது?" என்றார். அக்கா மூன்று பட்டையைக் காட்டினார். "அத கோன்னுதான சொல்றாங்க?" ஆமாம் என்றார் அக்கா. "அப்போ நீ சரியாத்தான் எழுதியிருக்க. கேட்டவன்தான் தப்பா கேட்டிருக்கான்." கோணிப்பையை உதறி மடித்தார். "இன்னொரு தபா எழுது. இந்த தபாவாவது ஒழுங்கா கேக்கறானா பாப்போம்" என்று சொல்லிவிட்டு, போயிட்டு வரேன் என்று கிளம்பிவிட்டார். அந்த மனிதரைப் பற்றி அதுவரை நான் மனசுக்குள் சொன்னதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டேன். அக்கா அந்த மாவில் கொழுக்கட்டை செய்தார். மூன்று பட்டைக் கொழுக்கட்டையை மகள் எடுத்துக்கொண்டாள்.

டிராயிங் சார் ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள் இருந்தன, அதற்குள் ஒரே ஒரு தேர்வு. முதல் தடவை படிப்பது பெரிய காரியமில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஊர் முழுக்கச் சிரித்த பிறகு அதே புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திறக்க வேண்டுமே. சூளைப் பக்கம் அவருக்குக் கோனக்கா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஏன் கோபப்படுவதில்லை என்று நான்தான் பொருமினேன். அக்கா, உருகாத வகைக் களிமண்ணில் ஒரு சின்னக் கூம்பு பிடித்து எடுத்துப்போய், பெயர் வைத்தவர்களிடமே கொடுத்து, அடுத்த சூளையில் கோன்களுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். வெந்து வந்ததும் எங்கள் மேஜையில், மூன்று மூலைக் கோனுக்குப் பக்கத்தில் வைத்தார். "இது நம்ம கோனு. இது கேள்வித்தாள் கோனு" என்று இரண்டையும் தொட்டுக் காட்டிவிட்டு, மண்ணைத் தட்டிப் பலகை செய்ய உட்கார்ந்தார். அன்றைக்கு அவரைப் பார்த்தபோது எனக்கு இருந்த மரியாதை, பிறகு எத்தனையோ பட்டதாரிகளோடு வேலை பார்த்தும் வேறு யாரிடமும் வந்ததில்லை.

இரண்டாம் தடவை கூம்பை எப்படிக் கேட்டாலும் வரைகிற தயாரிப்போடு கடலூர் போனார். கேள்வித்தாளில் கூம்பு வரவே இல்லை. பிரமிடு வந்திருந்தது, அதுவும் மூன்று பட்டைப் பிரமிடு. "எங்க மாமா சொன்னது அவங்க காதுல வுழுந்திடுச்சு போல" என்று, அழைக்கப் போன என்னிடம் பஸ் நிலையத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தேறினார். வரைபடப் பிரிவுக்கு மாறிப்போன அன்று, மேஜையைத் துடைத்துவிட்டு அந்தக் கூம்பை என் பக்கம் தள்ளி வைத்தார். "நாம வெச்ச கோனெல்லாம் சாயறதுக்குன்னே செஞ்சது. ஏதோ ஒரு சூட்டுல சாஞ்சிதான் தீரும். இது மட்டும் எந்த சூட்டுக்கும் நிக்கும். நீயே வெச்சுக்க" என்றார்.

அக்கா இப்போது மகளோடு இருக்கிறார். மகள் கட்டடப் பொறியாளராகி ஓய்வும் பெற்றாயிற்று. அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது, கோடு போடுகிற காலம் போய்விட்டது. தொலைபேசியில் கூப்பிட்டால் என் முழங்கால் வலியை விசாரிப்பதற்கு முன்னாலேயே, "நிக்குதா?" என்று கேட்பார். நேற்றும் கேட்டார். மேஜைத் தூசியைத் துணியால் துடைத்துக்கொண்டே, நிற்கிறது அக்கா என்றேன்.