ரோலர்காரன் காது

கந்தப்பன் அண்ணன் பெரகலச் சந்தியில் பேச ஆரம்பித்தால், புதிதாக வந்தவர்கள் யாரோ சண்டை பிடிக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார்கள். பழகியவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மனுஷன் சுகம் விசாரிக்கிறார், அவ்வளவுதான். "என்ன தங்கச்சி, நல்லா இருக்கியா?" என்று அவர் என்னைக் கேட்பது அப்புத்தளை ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும் என்று என் புருஷன் லத்தீப் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் பலசரக்குக் கடைக்கு மேலே உள்ள தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடொன்றில் பிறந்தவர் அவர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் மீசை முளைக்கும் முன்பே தேயிலை பெக்டரியில் ரோலர் ரூமுக்குள் போனார். வாடிய கொழுந்தைப் போட்டு முறுக்கும் பெரிய மெஷின்கள்தான் ரோலர். அவை சுற்ற ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கைதான் வாய். உள்ளங்கையை விரித்தால் நிறுத்து, விரலைச் சுழற்றினால் இன்னும் ஓடட்டும், தொண்டையைத் தொட்டால் தேத்தண்ணிக்குப் போகிறேன். டீமேக்கரோ துரையோ வந்து ஏதாவது சொன்னால், கேட்டாலும் கேட்காவிட்டாலும் முதலில் "ஆமாங்கய்யா" என்று தலையாட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் கையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, என்ன சொன்னார்கள் என்று பிடித்துக்கொள்ள வேண்டும். ஐயாமாரிடம் "கேக்கலைங்க, திரும்பச் சொல்லுங்க" என்று கேட்கிற வழக்கமே அங்கே இல்லை.

ஆகவே ரோலர்காரன் என்றால் காது மந்தம். செருப்புத் தைப்பவன் கையில் காய்ப்பு இருப்பதை யாராவது நோய் என்று சொல்வார்களா? இதுவும் அப்படித்தான். கந்தப்பன் அண்ணனின் மனைவி அங்கம்மா, "கல்யாணமான புதுசில எனக்கு வாய் வலிச்சிச்சு, பொறவு கையாலயே குடும்பம் நடத்தப் பழகிட்டேன்" என்பாள். அவள் முகத்தைப் பார்த்தே அவர் பாதி பேச்சைப் புரிந்துகொள்வார். மீதிக்குக் கை. வீட்டில் ஒரு குறையும் இல்லை.

பென்சனுக்குப் பிறகுதான் மனுஷன் இன்னும் சுறுசுறுப்பானார். லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் போஞ்சியும் லீக்ஸும் போட்டார். கூடையில் சுமந்துகொண்டு இறக்கத்தில் நடந்து எங்கள் கடைக்குக் கொண்டுவருவார். கொடுத்துவிட்டுப் போனால் அது கந்தப்பன் அண்ணன் இல்லையே! கடை வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்து பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார், வெல்லவாய பஸ்ஸுக்கு நிற்கிறவனைக் கையைப் பிடித்து இழுத்து அரசியல் பேசுவார். எதிராளி என்ன சொன்னான் என்று சரியாகக் கேட்காததால் எந்த வாதத்திலும் அவர் தோற்றதில்லை. லத்தீப்போடு காய் நகர்த்தி டாம் ஆடி, தோற்கப் போகிறார் என்றால் பலகையைக் கலைத்துவிடுவார். சரியான கள்ளன்!

அந்த மனுஷனுக்குத்தான் அப்படி ஒரு காலம் வந்தது.

கொரோனா கொஞ்சம் அடங்கிய சமயம். தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் வயதானவர்களுக்கு என்று ஒரு மருத்துவ முகாம் வைத்தார்கள். எங்கிருந்தோ வந்த டொக்டர், முகத்தில் மாஸ்க், அதற்கு மேலே பிளாஸ்டிக் கண்ணாடி. தள்ளிப் போட்ட கதிரையில் கந்தப்பன் அண்ணன். மகன் யோகராஜ் பக்கத்தில் நின்றான். பெரகலயில் ஆட்டோ ஓட்டுகிறவன், அப்பா மேல் உயிரையே வைத்திருந்தவன். அங்கே நடந்ததை அவனே பிறகு என்னிடம் சொன்னான்.

"இது என்ன மாசம்?" என்று டொக்டர் கேட்டாராம்.

"ஆமாங்கய்யா."

"உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?"

"சரிங்கய்யா."

"இது எந்த ஊர்?"

"ஆமாங்க, ஆமாங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வாயும் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை, கையும் அசையவில்லை, பாவம் மனுஷன் எதைப் பிடித்துக்கொள்வார்? வாழ்நாள் முழுக்கப் பழகிய மரியாதையைத்தான் காட்டினார். மறதி நோய் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அங்கே நின்ற ஒருத்தராவது, "ஐயா, இவர் ரோலர்காரர், காது கேட்காது" என்று சொன்னாரா? இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதைப் போய் டொக்டரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மறைக்கவில்லை, நினைக்கவே இல்லை.

தனியாக வெளியே விடாதீர்கள், கத்தி, நெருப்புப் பக்கம் விடாதீர்கள், கேள்வி கேட்டுக் குழப்பாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். யோகராஜ் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டான். மண்வெட்டியை எங்கேயோ ஒளித்தான். போஞ்சிப் பந்தல் சரிந்து புல் மூடியது. கடைக்கு வருவது நின்றது. "அப்பா, இம்புட்டு நாள் ஒழைச்சது போதும், சும்மா இருங்க" என்று கட்டிலில் உட்கார வைத்து, முன்னால் டீவியைப் போட்டுவிட்டான். சத்தமே கேட்காத மனுஷனுக்கு டீவி! பேரப்பிள்ளைகளைக் கிட்டப் போகாதீர்கள் என்று அதட்டினார்கள். அங்கம்மா கையாலும் பேசுவதை விட்டாள். ஏதாவது சொல்லி அவர் மூளை இன்னும் குழம்பிவிடுமோ என்று அவளுக்குப் பயம். சோற்றை வைப்பாள், தண்ணீரை வைப்பாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிடுவாள்.

நான் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "லத்தீப் நானா டாம் ஆட ஆளில்லாம தவிக்கிறாராக்கும்!" என்று லயமே அதிரக் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது.

"என்ன தம்பி, நல்லா இருக்கிற மனுஷன இப்புடி மூலையில போட்டு வச்சிருக்கீங்க? கடைப் பக்கம் அனுப்புங்க, நான் பாத்துக்கிறேன்."

"ஸகீனாக்கா, ரோட்டுல எங்கயாச்சும் விழுந்து கெடந்தா நீங்களா தூக்குவீங்க? படிச்ச டொக்டரு சொல்லிட்டாரு. எங்கப்பா எனக்கு வேணும்."

அப்பா வேணும் என்கிற பிள்ளையிடம் அதற்கு மேல் என்ன சண்டை போடுவது? வந்துவிட்டேன். பெருநாளுக்கு வட்டிலப்பம் எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் பார்ப்பேன். ஒரு பெருநாளுக்கு எழுந்து நின்றவர் அடுத்த பெருநாளுக்கு உட்கார்ந்தபடி சிரித்தார். அதற்கு அடுத்ததில் சிரிக்கவும் இல்லை. பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அப்புறம் ஒரு நாள் விடிகாலைப் பனிமூட்டத்தோடு எழுந்து நடந்து போய்விட்டார். அப்புத்தளை ஸ்டேஷன் வாங்கில், கால்சட்டை நனைந்து, நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை யோகராஜ் ஆட்டோவில் ஏற்றி வந்தான். "பாத்தீங்களாக்கா? டொக்டரு அன்னைக்கே சொன்னாரு" என்று கடை வாசலில் நின்று விக்கி விக்கி அழுதான். இப்போது அது உண்மையாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு காதில் சீழ் வைத்து, வலியில் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டார். அதற்காகத்தான் பதுளையில் காது பார்க்கிற டொக்டரிடம் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி என்றால் அங்கம்மாவுக்குப் பயம். துணைக்கு என்னையும் கூட்டிப் போனாள். டொக்டர் கேசினி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்ல பிள்ளை. சீழைச் சுத்தம் செய்துவிட்டு, தலையில் ஏதோ மாட்டிப் பரிசோதித்தாள். பரிசோதித்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"இவருக்கு ரெண்டு காதும் எப்பவோ போயிட்டுது. ஆரும் கவனிக்கேல்லையோ?"

"அது ரோலர்ல நின்னவங்க எல்லாத்துக்கும் அப்படித்தானுங்களே" என்றாள் அங்கம்மா.

"வீட்டில இவரோட கதைக்கிறனீங்களோ?"

அங்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள். யோகராஜ்தான் முகாமில் நடந்ததைச் சொன்னான். 'ஆமாங்கய்யா' என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டியதை அவன் சொல்லச் சொல்ல டொக்டர் பிள்ளை பேனையை மேசையில் வைத்துவிட்டாள்.

"காது போனாலும் மூளைக்கு வேலை வேணும் தம்பி. கதை, நடை, நாலு சனத்தின்ர முகம், கைக்கு ஒரு அலுவல். இதெல்லாம் நிண்டுபோனா வயசான மூளை கெதியாத் தேயும். அண்டைக்கே காதுக்கு மெஷின் போட்டு, தோட்டத்தையும் செய்ய விட்டிருந்தா... இந்த நிலை வந்தேதான் இருக்குமோ, வராமலே விட்டிருக்குமோ, என்னால சத்தியமாச் சொல்ல ஏலாது. ஆனா இவ்வளவு கெதியா வந்திராது."

திரும்பி வரும்போது யோகராஜ் ஆட்டோவை ஹாலிஎல பக்கத்தில் ஓரமாக நிறுத்திவிட்டு, ஹேண்டிலைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். திட்டுவதற்கு என்று சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் நான் அங்கேயே விட்டுவிட்டேன்.

காது மெஷினுக்கு அலைந்து திரிந்து அவனே ஏற்பாடு செய்தான். இனி அவர் கேட்பார், பேசுவார், பழையபடி வருவார் என்று அங்கம்மா நம்பினாள். வீட்டில் வெள்ளையடித்தாள். பதுளைக்குப் போகிற அன்று தலைக்குக் குளித்து, பெட்டியில் இருந்த நல்ல சேலையைக் கட்டி வந்தாள். "இத்தன வருசமா அந்த மனுசன் என் கொரல ஒழுங்காக் கேட்டதே இல்லக்கா, என்னத்த மொதல்ல பேசுறது?" என்று வழி முழுக்க என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

டொக்டர் மெஷினை மாட்டி, திருகிச் சரிசெய்தாள். அவர் திடுக்கிட்டு, மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார். கதவு சாத்தும் சத்தத்துக்குத் திரும்பினார். கேட்கிறது! அல்லாஹ்வே, கேட்கிறது! அங்கம்மா என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

"நீங்க கதையுங்கோ அம்மா" என்றாள் டொக்டர்.

அங்கம்மா அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது போலும். "என்னங்க... பசிக்குதுங்களா?" என்றாள்.

அவர் அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். வெளியாட்களிடம் பேசுகிற மரியாதையோடு, மெதுவாகத்தான் பேசினார்.

"நீங்க நல்லாப் பேசுறீங்கம்மா. எங்க வீட்டுக்காரி எங்கூடப் பேசுறதே இல்லைங்க. மூஞ்சியக்கூடத் திருப்பிக்கிறா. நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு தெரியல. கேட்டுச் சொல்றீங்களா?"

யோகராஜ் அறையை விட்டு வெளியே போனான். டொக்டர் பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அங்கே ஓ என்று கத்த வேண்டும் போல இருந்தது. அங்கம்மா மட்டும் அசையவில்லை, கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

"அவளுக்குக் கோவம் ஒண்ணும் இல்லைங்க" என்றாள். "நான் சொல்லிவிடுறேங்க."

"சொல்லுங்கம்மா" என்றார் அவர். "சுருக்கா வரச் சொல்லுங்க."