கெட்டிமேளத்துக்குள் ஒரு குரல்

என் மனைவியின் குரல் ஒரே ஓர் இடத்தில்தான் பதிவாகியிருந்தது. ஐம்பத்திரண்டு விநாடி. கைக்கடிகாரத்தை வைத்து ஆறு முறை அளந்திருக்கிறேன். ஒரு முறை மட்டும் ஐம்பத்து மூன்று வந்தது. அது எப்படி என்று இன்றுவரை விளங்கவில்லை.

அறுபதுகளின் நடுவில் செம்மண்டலத்தில் அவள் தங்கைக்குக் கல்யாணம். அவள் தம்பி, அதாவது என் மச்சான், சிங்கப்பூரிலிருந்து ஒரு டேப்ரிக்கார்டர் கொண்டுவந்திருந்தான். வந்தவர் போனவர் பேச்சையெல்லாம் பிடித்துத் தீர்த்துவிட்டு, நலங்கில் என் மனைவி பாட உட்கார்ந்தபோது பார்த்தால் நாடா கொஞ்சம்தான் மிச்சம். அவன் அவசரமாகப் பொத்தானை அழுத்தினான். அதே நேரம் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு தும்மல். ஒற்றைத் தும்மல்.

மேளக்காரர்களுக்குச் சைகை காட்டுவது மூத்த மருமகனான என் வேலை. அபசகுனம் மணமக்கள் காதில் விழக்கூடாதென்று ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டினேன். இரண்டு தவில், இரண்டு நாதஸ்வரம், கெட்டிமேளம். அவள் நிறுத்தவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாடினாள். நாடா தீரும்வரை மேளம் ஓயவில்லை. தும்மல்தான் அதற்கு முன்பே எல்லார் காதிலும் விழுந்துவிட்டதே, நான் எதை மூடினேன்?

பதினான்கு மாதம் கழித்து டைபாய்டில் அவள் போய்விட்டாள். முகத்துக்கு இரண்டு போட்டோ இருந்தன. குரல் ஆறே மாதத்தில் எனக்கு மறக்கத் தொடங்கியது. அவள் என்னைக் கூப்பிட்ட விதத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பேன். என் குரலிலேயே கேட்கும்.

சிதம்பரத்தில் ரேடியோ பழுது பார்ப்பவர் ஒருவர் கெட்டிக்காரர் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மச்சானும் பஸ்ஸில் போனோம். டேப்ரிக்கார்டர் பெட்டியை அவன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். கடைக்காரர் மூன்று தடவை போட்டுக் கேட்டார்.

"பாட்டு மட்டும் வேணும், மேளம் வேணாம். அதான சார்?"

"ஆமா."

"சாம்பார்ல போட்ட உப்ப மட்டும் தனியா எடுத்துக் குடுன்றீங்க."

மச்சானுக்குச் சுருக்கென்றது. "முடியுமா முடியாதா, அத்த சொல்லுங்கண்ணே."

"எல்லாம் ஒரே நாடாவுல ஒண்ணா வுழுந்துருக்குப்பா. எது யாருன்னு மிஷினுக்கு எப்படித் தெரியும்? இருங்க, திருகிப் பாக்குறேன்."

பெட்டியைத் திறந்து எதையோ மாற்றி ஒட்டினார். குமிழை ஒரு பக்கம் திருகியபோது தவில் அடங்கி, தகர டப்பாவில் விரலால் தட்டுவதுபோல ஆனது. ஆனால் நாதஸ்வரம் அப்படியே நின்றது. மறுபக்கம் திருகினார். நாதஸ்வரம் மங்கியது; அதோடு சேர்ந்து அவளும் மங்கினாள்.

"அவுங்க குரலும் நாயனமும் ஒரே உசரத்துல நிக்குது சார். ஒண்ண அமுக்குனா ரெண்டும் போவுது. அதுக்கு நான் என்னா பண்ண?"

இன்னொரு தடவை என்றேன். பிறகும் இன்னொரு தடவை. "ஜாஸ்தி ஓட்டக் கூடாது சார், நாடா தேஞ்சிடும்" என்றவர் எனக்காகவே போட்டுக்கொண்டிருந்தார். பதினோராவது தடவை ஓர் இடத்தில் அவளைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். பதினான்காவதில் அதே இடம் நாதஸ்வரமாக இருந்தது. பதினாறுக்குமேல் எது அவள், எது நாதஸ்வரம் என்று பிரிக்க முடியவில்லை. வரும்போது கொஞ்சமாவது தெரிந்துகொண்டிருந்ததும் போயிற்று.

பத்தொன்பதாவது தடவை மச்சான் என் முழங்கையைப் பிடித்தான்.

"கேளுங்க மாமா, இதான் அக்கா."

விநாடி முள்ளைப் பார்த்தேன். மூச்சு விடாமல் அந்த இழுப்பு ஒன்பது விநாடி நீண்டது. அவளுக்கு ஆறு விநாடிக்குமேல் மூச்சு நிற்காது. அவன் கண்களில் நீர் கட்டியிருந்தது.

"ஆமா மச்சான்" என்றேன்.

"இன்னொரு தடவ போடச் சொல்லட்டா மாமா?"

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். போடுங்கள் என்று நான் தலையசைத்தேன்.