ஒரு புள்ளி வை, பார்க்கலாம்

மூன்று வருடங்களுக்கு முன், அரியலூர்ப் பக்கம் நான் நிலவியல் பாடம் எடுக்கும் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் நடந்தது இது.

எங்கள் இறுதியாண்டு மாணவி ஒருத்தி, பூலாம்பாடிக்காரி. அப்பா, அம்மா இருவருக்கும் கூலி வேலை. பூலாம்பாடியிலிருந்து அரியலூர் வரை பஸ்ஸிலும் நடந்தும் போய், கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நூற்றுச் சொச்சம் கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று அளந்து வந்திருந்தாள். அதை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு வரைபட மென்பொருளில் போட்டால், கிணற்றுக்கு ஒரு புள்ளியாக, முப்பரிமாணத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். என் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். தினமும் பஸ்ஸில் போகும் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் சரிந்துகொண்டே போய், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் பக்கம் பள்ளத்தில் இறங்குவது அப்படியே தெரிந்தது.

ஆனால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று ஆய்வகக் கணினியில்தான் காட்ட வேண்டும். சொந்த லேப்டாப் கூடாது. பதினைந்து நாள் இருக்கும்போது அங்கே திறந்தால், திரை முழுக்கக் கருப்பு. ஒரு புள்ளிகூட இல்லை.

எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. "என்னத்தம்மா நோண்டுன?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

"நான் எதையும் தொடலைங்க மேடம்" என்றவள் அழுதுவிட்டாள். பிறகு பார்த்தால், அங்கிருந்த அத்தனை கணினியிலும் அதே கருப்பு. என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்த மென்பொருளைச் செய்பவர்கள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கத்தில் எழுதினேன். அடுத்த நாளே பதில் வந்தது. எங்கோ குளிர் நாட்டில், சம்பளம் இல்லாமல் ஓய்வு நேரத்தில் இந்த வேலையைச் செய்கிறவர். படம் வரைவதற்குப் புதிய கிராபிக்ஸ் லைப்ரரி ஒன்றைச் சேர்த்திருக்கிறோம், உங்கள் பழைய கணினிகளின் கிராபிக்ஸ் சிப்புக்கு அது ஒத்துவரவில்லை போலிருக்கிறது என்றார். ஒரு திருத்தம் அனுப்பினார், கருப்பு. இன்னொன்று, கருப்பு. மூன்றாவதும் அதே கதை. முன்பின் தெரியாத மனிதரை இன்னும் எவ்வளவுதான் படுத்துவது? விருந்துக்குப் போன வீட்டில் அரை வயிற்றோடு "போதுங்க, போதுங்க" என்று இலையை மறைப்போமே, அந்தப் பழக்கம் எனக்கு. "சரியாகிவிட்டது, மிக்க நன்றி" என்று எழுதிவிட்டேன். அவளிடம், காகிதத்தில் வரைந்து காட்டிவிடலாம் என்றேன். தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலை பார்த்தால், என் நன்றிக்குக் கீழேயே அவள் எழுதியிருக்கிறாள், அரைகுறை ஆங்கிலத்தில். மன்னிக்கணும் சார், வரவில்லை, கருப்புதான், எங்கள் மேடத்தைத் தப்பாக நினைக்காதீர்கள். கூடவே கருப்புத் திரையின் போட்டோ.

"ஏம்மா, என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேணாம்னுருவீங்க மேடம். அளந்தது நானு, எல்லாரும் பாக்கணும்ல?"

நாலு நாள் அவரிடமிருந்து சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். ஐந்தாம் நாள் நீளமாக எழுதியிருந்தார். எங்களுடையது போன்ற அதே சிப் உள்ள பழைய கணினிக்காக ஊரெல்லாம் விசாரித்து, நண்பர் வீட்டில் ஓரமாகக் கிடந்த ஒன்றைத் தூக்கி வந்து, தூசி தட்டி, உட்கார்ந்திருக்கிறார் மனிதர். மென்பொருள் அந்தச் சிப்பிடம் "இப்படி வரைய உனக்குத் தெரியுமா?" என்று கேட்கிறதாம். அது "தெரியும்" என்று சொல்லிவிடுகிறதாம். உண்மையில் தெரியாது! எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சிப்பும் நானும் ஒரே ரகம்தான்.

இனி அதன் பேச்சை நம்பாமல், முதலில் ஒரே ஒரு புள்ளியை வரையச் சொல்லி, அது வந்ததா என்று பார்த்து, வராவிட்டால் கொஞ்சம் மெதுவான வேறு வழியில் வரையும்படி மாற்றியிருந்தார். அந்தப் பெண் சொல்லியிருக்காவிட்டால் வேலை செய்யாத திருத்தத்தை ஊர் உலகத்துக்கே அனுப்பியிருப்பேன் என்று அவளுக்கு நன்றி சொல்லியிருந்தார். எல்லோர் முன்னாலும் திட்டிய நான், எல்லோர் முன்னாலுமே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வைவா அன்று அவள் பொத்தானை அழுத்தியதும், முதலில் கருப்பு. பிறகு ஒவ்வொரு கிணறாகத் திரையில் வந்து நின்றது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க ஊரு எறையூரு இதுல இருக்காம்மா?" என்றார். "இருக்குங்க சார்" என்று படத்தைத் திருப்பிக் காட்டினாள். எங்கோ குளிர் நாட்டில், எங்கள் ஊர்ப் பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூடத் தெரியாத ஒருவர், இவள் அளந்த கிணறுகளை இந்தத் திரையில் வரவைக்க அத்தனை தூரத்தில் மல்லுக்கட்டியிருக்கிறார். அதை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது.

இப்போதெல்லாம் வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்டு எல்லோரும் ஒரே குரலில் "புரிஞ்சுது மேடம்" என்றால், சாக்பீஸை நீட்டி, "வந்து ஒரு புள்ளி வை, பாக்கலாம்" என்கிறேன், யாராவது எழுந்து தயங்கித் தயங்கி "புரியலைங்க மேடம்" என்று சொல்லிவிட்டால், அன்று என் நன்றிக்குக் கீழே அவள் எழுதிய வரி ஞாபகம் வந்து, அந்தப் பிள்ளைக்கு மனதுக்குள் கும்பிடு போட்டுவிட்டுத்தான் பாடத்தை மறுபடி ஆரம்பிக்கிறேன்.